பைக் பேட்டரி அடிக்கடி இறங்குகிறதா? ரெகுலேட்டரைச் சோதியுங்கள்

கம்ப்யூட்டர் இதழில் பைக் ரிப்பேர் பற்றி என்ன கட்டுரை என்று சில வாசகர்கள் கேட்கலாம். காரணம் இருக்கிறது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 விதிமுறை நடைமுறைக்கு வந்த பின், விற்பனைக்கு வந்த பெரும்பாலான பைக்குகளில் கார்புரேட்டர் போய் ஃப்யூல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. எவ்வளவு பெட்ரோல், எந்த நொடியில் ஸ்பார்க் என்பதையெல்லாம் ஈ.சி.யு. என்ற சிறிய கம்ப்யூட்டர்தான் முடிவு செய்கிறது. அதற்கும் முன்பே, 2017 ஏப்ரல் 1 முதல், எஞ்சின் ஓடும்போதெல்லாம் ஹெட்லைட் எரிய வேண்டும் என்ற விதி வந்தது. ஆக, இன்றைய பைக் என்பது இரண்டு சக்கரத்தில் ஓடும் ஒரு கம்ப்யூட்டர். அதற்கும் ஒரு பவர் சப்ளை உண்டு.

நம் வீட்டு கம்ப்யூட்டரில் எஸ்.எம்.பி.எஸ். கெட்டுப் போனால் என்ன நடக்கும்? திடீரென ரீஸ்டார்ட் ஆகும். கேம் விளையாடும்போது மட்டும் ஹேங் ஆகும். நாம் விண்டோஸைக் குறை சொல்லி அதை மீண்டும் இன்ஸ்டால் செய்து கொண்டிருப்போம். பைக்கிலும் இதே கதைதான். செல்ஃப் எடுக்கவில்லை என்றால் பேட்டரியை மாற்றுகிறோம். ஆறு மாதத்தில் மீண்டும் எடுக்காது. மீண்டும் ஒரு பேட்டரி. பேட்டரிக்கு மின்சாரம் தரும் பகுதியை யாரும் பார்ப்பதில்லை. அந்தப் பகுதி எப்படி வேலை செய்கிறது, 300 ரூபாய் மல்ட்டிமீட்டரை வைத்து அதை எப்படிச் சோதிப்பது, எப்படி மாற்றுவது என்பதை இங்கு பார்ப்போம்.

காயில், ரெகுலேட்டர், பேட்டரி

சார்ஜிங் சிஸ்டத்தில் மூன்று பாகங்களே முக்கியம். முதலாவது, எஞ்சினின் பக்கவாட்டு மூடிக்குள் இருக்கும் மேக்னட்டும் காயிலும். கிராங்க் ஷாஃப்டுடன் சேர்ந்து காந்தம் சுற்றுகிறது. அசையாமல் இருக்கும் செப்புக் கம்பிச் சுருளில் ஏ.சி. மின்சாரம் உண்டாகிறது. இந்தச் சுருளுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். பல பைக்குகளில் இது மூன்று ஃபேஸ் வகை. அதிலிருந்து ஒரே நிறத்தில், பெரும்பாலும் மஞ்சளில், மூன்று வயர்கள் வெளியே வரும்.

இரண்டாவது, ரெகுலேட்டர் ரெக்டிஃபையர். மெக்கானிக்குகள் இதைச் சுருக்கமாக ஆர்.ஆர். யூனிட் என்பார்கள். அலுமினியத் துடுப்புகள் கொண்ட, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய பெட்டி. இதற்கு இரண்டு வேலைகள். ஏ.சி.யை டி.சி.யாக மாற்றுவது ஒன்று, அந்த டி.சி. 14.5 வோல்ட் அளவைத் தாண்டாமல் பார்த்துக் கொள்வது மற்றொன்று. மூன்றாவது பேட்டரி. இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முழுதாக சார்ஜ் ஆன லெட் ஆசிட் பேட்டரி ஓய்வு நிலையில் 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்டும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக் கொள்ளவும்.

ரெகுலேட்டர் ஏன் தேவை? காந்தம் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவுக்கு வோல்டேஜ் கூடும். ஐடிலில் காயிலின் இரண்டு வயர்களுக்கு இடையே 15, 20 வோல்ட் ஏ.சி. இருந்தால், 5,000 ஆர்.பி.எம்.மில் அது 50 வோல்ட்டையும் தாண்டிவிடும். அதை அப்படியே டி.சி.யாக்கிக் கொடுத்தால் பேட்டரி கொதிக்கும், பல்புகள் போகும், ஈ.சி.யு. பலியாகும்.

காரில் இந்தப் பிரச்சினை வேறு வகையில் தீர்க்கப்படுகிறது. கார் ஆல்டர்னேட்டரில் நிலைக்காந்தம் இல்லை, மின்காந்தம்தான். மின்சாரம் அதிகமானால் அந்த மின்காந்தத்திற்குக் கொடுக்கும் கரன்டைக் குறைத்துவிடலாம். பைக்கில் இருப்பது நிலைக்காந்தம். அதன் பலத்தைக் குறைக்க வழியில்லை. எஞ்சின் சுற்றும் வரை காயில் மின்சாரம் தயாரித்துக் கொண்டேதான் இருக்கும். வேண்டாத மின்சாரத்தை என்ன செய்வது?

ஷார்ட் செய்து கட்டுப்படுத்தும் வித்தை

பெரும்பாலான பைக் ரெகுலேட்டர்கள் செய்வது சற்று வினோதமான வேலை. வோல்டேஜ் எல்லையைத் தொட்டதும் காயிலின் வயர்களை ஒன்றோடு ஒன்று ஷார்ட் செய்துவிடுகின்றன! இதற்கு ஷன்ட் வகை என்று பெயர். உள்ளே மூன்று ஃபேஸுக்கும் ஆறு டையோடுகள், கூடவே மூன்று எஸ்.சி.ஆர். என்னும் எலக்ட்ரானிக் ஸ்விட்சுகள். வோல்டேஜ் கூடினால் எஸ்.சி.ஆர். ஆன் ஆகிறது, காயிலின் கரன்ட் பேட்டரிக்குப் போகாமல் தனக்குள்ளேயே சுற்றி வருகிறது. குறைந்தால் ஆஃப், கரன்ட் பேட்டரிக்குப் போகிறது. ஒரு நொடிக்குள் இது பல நூறு முறை நடக்கும்.

ஷார்ட் செய்தால் காயில் எரிந்துவிடாதா? இஞ்சினியரிங் படித்த எனக்கும் இது முதலில் புரியாமல்தான் இருந்தது. விடை அழகானது. எஞ்சின் வேகம் இரண்டு மடங்கானால் காயிலில் உண்டாகும் வோல்டேஜும் இரண்டு மடங்காகிறது. அதே நேரத்தில் ஏ.சி.யின் ஃப்ரீக்வென்சியும் இரண்டு மடங்காகிறது. சுருளாகச் சுற்றிய கம்பி, ஃப்ரீக்வென்சி கூடக் கூட கரன்டை அதிகமாகத் தடுக்கும். தள்ளும் சக்தியும் இரண்டு மடங்கு, தடுக்கும் சக்தியும் இரண்டு மடங்கு. எனவே வேகம் எவ்வளவு கூடினாலும், ஷார்ட்டில் ஓடும் கரன்ட் ஒரு அளவுக்கு மேல் ஏறுவதில்லை. காயிலே தன் கரன்டுக்கு ஒரு வரம்பு போட்டுக் கொள்கிறது. வடிவமைத்தவர்கள் இதை நம்பித்தான் ஷார்ட் செய்கிறார்கள்.

ஆனால் வெப்பம் உண்டு. எஸ்.சி.ஆர். ஆன் ஆன நிலையிலும் அதன் குறுக்கே ஏறத்தாழ 1 வோல்ட் இழப்பு இருக்கும். 15 ஆம்பியர் ஓடினால் 15 வாட் வெப்பம். கரன்ட் திரும்பி வரும் பாதையில் இன்னொரு டையோடு. அதிலும் ஏறக்குறைய அவ்வளவு. ஒரு லேப்டாப் ப்ராசஸர் வெளியிடும் வெப்பத்தை, ஃபேன் இல்லாமல், சீட்டுக்கு அடியில் ஒரு சிறிய பெட்டி வெளியிடுகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

இங்கே ஒரு பரவலான நம்பிக்கையைத் திருத்த வேண்டும். "லைட்டை எல்.இ.டி.யாக மாற்றிவிட்டால் ரெகுலேட்டருக்கு வேலை குறையும்" என்று பலர் சொல்கிறார்கள். ஷன்ட் வகையில் நடப்பது நேர் எதிர். லைட் எடுக்காத கரன்டை ரெகுலேட்டர்தான் ஷார்ட் செய்து கரைக்க வேண்டும். லோடு குறையக் குறைய ரெகுலேட்டர் அதிகமாகச் சூடாகும். எல்.இ.டி. போட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ரெகுலேட்டரைக் காப்பாற்றுவதற்காக அதைப் போட வேண்டாம்.

தம்பியின் பைக்

இனி, நான் நேரில் பார்த்த ஒரு கேஸ். என் சித்தி மகன் சென்னையில் உணவு டெலிவரி செய்கிறான். 2019ல் தயாரான 200 சி.சி. பைக், ஃப்யூல் இன்ஜெக்ஷன், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. பத்து மாதத்தில் இரண்டு பேட்டரிகள் மாற்றியாகிவிட்டது. மூன்றாவதையும் மாற்றச் சொல்லிவிட்டார்கள். பகலில் பைக் ஒழுங்காக ஓடும். இரவு ஏழு மணிக்கு மேல், ஆர்டர்கள் குவியும் நேரத்தில், ஏதாவது ஒரு ஹோட்டல் வாசலில் நிறுத்திவிட்டு வந்தால் செல்ஃப் எடுக்காது. கிக்கர் இல்லாத பைக். தள்ளித்தான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். இரவு நேர இன்சென்டிவில்தான் அவனுக்கு மிச்சமே; அதுதான் போய்க் கொண்டிருந்தது. "அண்ணா, பேட்டரி போடவா வேணாமா, அதை மட்டும் சொல்லுண்ணா" என்றான்.

மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. அவர் ஒவ்வொரு முறையும் மீட்டர் வைத்துப் பார்த்திருக்கிறார். காலையில் கடை திறந்ததும் பைக்கை ஸ்டார்ட் செய்து, ரேஸ் கொடுத்து, பேட்டரியில் 14.2 வோல்ட் வருவதைக் காட்டியிருக்கிறார். சார்ஜிங் சரியாக இருக்கிறது. எனவே பேட்டரிதான் குற்றவாளி. தர்க்கப்படி சரியான முடிவு. ஆனால் குளிர்ந்த எஞ்சினில் எடுத்த அளவு அது.

சாஃப்ட்வேர் துறையில் இருப்பவர்களுக்கு இந்த வகைக் கோளாறு நன்றாகத் தெரியும். டெவலப்பர் மெஷினில் ஓடும், கஸ்டமர் இடத்தில் விழும். இதற்கு ஒரே மருந்து லாக் எடுப்பது. இரண்டு வயர் கொண்ட சிறிய எல்.இ.டி. வோல்ட் மீட்டர் ஒன்றை வாங்கி, பியூஸுடன் பேட்டரியிலிருந்து இணைத்து, ஹேண்டில் பாரில் டேப் போட்டு ஒட்டினேன். ஒவ்வொரு டெலிவரியின்போதும் நின்ற இடத்தில் கொஞ்சம் ரேஸ் கொடுத்து, அதை மொபைலில் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னேன். போட்டோவிலேயே நேரம் பதிவாகிவிடும். மூன்று நாள் போட்டோக்களைப் பார்த்து எக்ஸெலில் நேரம், வோல்டேஜ் என்று இரண்டு காலம் போட்டேன்.

கிராஃப் போட்டதும் விஷயம் வெளிச்சமாகிவிட்டது. கிளம்பிய முதல் இருபது நிமிடம் 14.1, 14.2. அதன் பின் இறங்குமுகம். அரை மணியில் 13.3. முக்கால் மணி நேரம் டிராஃபிக்கில் ஊர்ந்தால் 12.5. ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுக் கிளம்பினால் மீண்டும் 14.1. மூன்று நாளும் இதே வடிவம். 12.5 வோல்ட்டில் பேட்டரி சார்ஜ் ஆகாது. ஹெட்லைட்டுக்கும் ஃப்யூல் பம்புக்கும் ஈ.சி.யு.வுக்கும் தன்னிடமிருந்தே கொடுத்துக் கொண்டிருக்கும். தினமும் பாதி சார்ஜில் நின்றால் தகடுகளில் சல்ஃபேட் படியும். இரண்டு பேட்டரிகள் போனது இப்படித்தான்.

சூடானால் வோல்டேஜ் விழுகிறது என்பது உறுதி. சூடாகும் பாகங்கள் மூன்று: காயில், ரெகுலேட்டர், இவற்றை இணைக்கும் கப்ளர். இவற்றில் எது என்று கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முக்கால் மணி நேரம் பைக்கை ஓட்டி வரச் செய்து, சூடு ஆறுவதற்குள் சோதனையில் இறங்கினேன்.

மல்ட்டிமீட்டர் சோதனைகள்

கடைகளில் கிடைக்கும் மஞ்சள் நிற டி.டி. 830 வகை மீட்டரே இதற்குப் போதும். பைக்கை சென்டர் ஸ்டாண்டிலோ பேடாக் ஸ்டாண்டிலோ, காற்றோட்டமான இடத்தில், நியூட்ரலில் வைத்துக் கொள்ளவும்.

முதலில் மீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து பேட்டரி முனைகளில் அளக்கவும். எஞ்சினை 5,000 ஆர்.பி.எம்.மில் வைத்தால் 13.5 முதல் 14.5 வரை இருக்க வேண்டும். 13க்குக் கீழ் என்றால் சார்ஜ் ஆகவில்லை. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது. அந்த நிலையில் பைக்கை ஓட்டவே கூடாது. தம்பியின் பைக்கில் சூடான நிலையில் 12.5.

அடுத்தது வோல்டேஜ் டிராப் சோதனை. எளிமையானது, ஆனால் யாரும் செய்யாதது. எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை ரெகுலேட்டரின் பாசிட்டிவ் அவுட்புட் வயரிலும், மறு முனையை பேட்டரியின் பாசிட்டிவிலும் வைக்கவும். இடையில் உள்ள வயரும் கப்ளரும் பியூஸும் எவ்வளவு வோல்ட்டைத் தின்கின்றன என்று மீட்டர் நேரடியாகக் காட்டும். 0.2 அல்லது 0.3க்குள் இருந்தால் சரி. இதே போல் எர்த் பக்கமும் பார்க்கவும். இதில் 1 வோல்ட் காட்டினால் நீங்கள் வாங்க வேண்டியது ரெகுலேட்டர் அல்ல, ஒரு கப்ளரும் ஒரு அடி வயரும்தான். நிறைய ரெகுலேட்டர்கள் இந்தச் சோதனை செய்யாததால் வீணாகக் குப்பைக்குப் போகின்றன. எங்களுக்கு பாசிட்டிவில் 0.1, எர்த்தில் அதற்கும் குறைவு. வயரிங் தப்பித்தது.

மூன்றாவது காயில். எஞ்சினை நிறுத்தி, காயிலின் மூன்று வயர்கள் வரும் கப்ளரைக் கழற்றவும். ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே மீட்டர் எந்தத் தொடர்பும் காட்டக் கூடாது. காட்டினால் காயிலின் இன்சுலேஷன் கருகி எர்த் ஆகிவிட்டது என்று பொருள். வயர்களுக்குள் இரண்டிரண்டாக அளந்தால் ரெசிஸ்டன்ஸ் மிகக் குறைவாக, 1 ஓமுக்குள், மூன்று ஜோடிக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். விலை குறைந்த மீட்டரின் வயர்களுக்கே 0.3 ஓம் வரை இருக்கும். எனவே முதலில் இரு முனைகளையும் தொட்டு வைத்து வரும் எண்ணைக் குறித்துக் கொண்டு, அதைக் கழித்துக் கொள்ளவும்.

பிறகு கப்ளர் கழன்ற நிலையிலேயே எஞ்சினை ஸ்டார்ட் செய்து, மீட்டரை ஏ.சி. 200 வோல்ட்டுக்கு மாற்றி, மூன்று ஜோடிகளையும் அளக்கவும். கையால் உலோக முனையைத் தொட வேண்டாம். 50 வோல்ட் ஏ.சி. நன்றாகவே அடிக்கும். எத்தனை வோல்ட் வர வேண்டும் என்பது சர்வீஸ் மேனுவலில் இருக்கும். அது கையில் இல்லாவிட்டாலும், ஒரே ஆர்.பி.எம்.மில் மூன்று ஜோடிகளும் சமமாக இருக்கின்றனவா என்பதுதான் முக்கியம். இரண்டு 50ம் ஒன்று 30ம் என்றால் காயில் போய்விட்டது. எங்களுக்கு வந்தவை 51, 52, 51. கொதிக்கும் எஞ்சினிலும் காயில் நலம்.

மிச்சம் இருப்பது ரெகுலேட்டர். இதை மல்ட்டிமீட்டரின் டையோடு ரேஞ்சில் சோதிக்கலாம். சிவப்பு முனையை ஃபேஸ் பின்னிலும் கறுப்பை பாசிட்டிவ் அவுட்புட்டிலும் வைத்தால் 400 முதல் 700க்குள் ஒரு எண் வரும். மாற்றி வைத்தால் வெறும் 1, அதாவது தொடர்பில்லை. எர்த் பக்கம், சிவப்பு முனை எர்த்திலும் கறுப்பு ஃபேஸிலும் இருக்க வேண்டும். ஆறு டையோடுகளையும் இப்படிப் பார்க்கலாம். இந்தச் சோதனையில் ஃபெயில் ஆனால் யூனிட் நிச்சயம் கெட்டது. பாஸ் ஆனால் நல்லது என்று சொல்ல முடியாது, எஸ்.சி.ஆரையும் அதைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட்டையும் இது தொடுவதே இல்லை. தம்பியின் யூனிட் இதில் பாஸ்!

எனவே கம்ப்யூட்டர் சர்வீஸ் ஆட்கள் மதர்போர்டில் செய்யும் வேலையைச் செய்தேன். எஞ்சினை நிறுத்தி, டேபிள் ஃபேன் ஒன்றை ரெகுலேட்டரை மட்டும் பார்த்துக் கால் மணி நேரம் ஓட விட்டேன். எஞ்சின் இன்னும் தொட முடியாத சூட்டில் இருந்தது. ரெகுலேட்டர் மட்டும் ஆறியிருந்தது. ஸ்டார்ட் செய்தால் 14.1 வோல்ட். வேறு சாட்சி வேண்டியதில்லை. பெட்டியின் உள்பக்கம் ரெசினால் நிரப்பி மூடப்பட்டிருப்பதால் எந்த பாகம் போனது என்று திறந்து பார்க்க முடியாது; ரிப்பேரும் செய்ய முடியாது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

அது ஏன் வெந்தது என்பதற்கும் விடை அங்கேயே கிடைத்தது. சீட்டுக்கு அடியில் ரெகுலேட்டரின் துடுப்புகளை ஒட்டி, பாலித்தீன் கவரில் ஆர்.சி., இன்சூரன்ஸ் நகல்கள், அதற்கு மேல் வண்டி துடைக்கும் துணி. பழைய உரிமையாளர் காலத்திலிருந்தே இருக்கிறதாம். கவரின் ஒரு பக்கம் உருகி துடுப்பின் வடிவத்தில் கோடு கோடாகப் பதிந்திருந்தது.

எந்த ரெகுலேட்டர் வாங்கலாம்?

இதில்தான் கவனம் தேவை. சந்தையில் மூன்று வகைகள் கிடைக்கின்றன. முதலாவது, மேலே சொன்ன எஸ்.சி.ஆர். ஷன்ட். இரண்டாவது, எஸ்.சி.ஆருக்குப் பதில் மாஸ்ஃபெட் வைத்த ஷன்ட். ஜப்பானின் ஷிண்டென்கென் நிறுவனத்தின் எஃப்.எச்.020.ஏ.ஏ. இதில் புகழ் பெற்றது. நம் கம்ப்யூட்டர் மதர்போர்டில் ப்ராசஸருக்கு அருகில் வரிசையாக இருக்கும் அதே மாஸ்ஃபெட் இனம்தான். ஆன் ஆன நிலையில் அதன் ரெசிஸ்டன்ஸ் சில மில்லி ஓம்களே. 5 மில்லி ஓம் என்று வைத்துக் கொண்டால், 15 ஆம்பியருக்கு இழப்பு சுமார் 1 வாட். எஸ்.சி.ஆரில் இது 15 வாட். வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது சீரிஸ் வகை. அதே நிறுவனத்தின் எஸ்.எச்.775, எஸ்.எச்.847 ஆகியவை இதில் சேரும். இது ஷார்ட் செய்வதில்லை; மின்சாரம் போதும் என்றால் காயிலின் இணைப்பைத் துண்டித்துவிடுகிறது. கரன்ட் ஓடாததால் காயிலும் குளிர்ந்திருக்கும். அடிக்கடி காயில் எரியும் பெரிய பைக்குகளுக்கு இதைத்தான் நான் சிபாரிசு செய்வேன். மாஸ்ஃபெட் ஷன்ட் ரெகுலேட்டரைத்தான் காப்பாற்றும். காயிலில் கரன்ட் எப்போதும் போல் முழுதாக ஓடிக் கொண்டுதான் இருக்கும்.

அப்படியானால் தம்பிக்கு எதை வாங்கினேன்? கம்பெனி ஒரிஜினலையே. அந்தச் சிறிய காயிலுக்கு 50 ஆம்பியர் தாங்கும் யூனிட் தேவையில்லை. பெரிய யூனிட் அந்த இடத்தில் பொருந்தாது, கப்ளரும் வேறு. அவன் பைக் ஒரு நாள் நின்றால் ஒரு நாள் வருமானம் போகும். எந்த ஊரில் நின்றாலும் கடையில் கிடைக்கும் பாகம்தான் அவனுக்குச் சரி. பழைய யூனிட் இத்தனை வருடம் மூச்சு முட்டிக் கொண்டும் உழைத்திருக்கிறது என்பதையும் கணக்கில் எடுத்துக் கொண்டேன்.

வாங்கும்போது பழைய யூனிட்டைக் கையோடு எடுத்துச் செல்லவும். பாகத்தின் எண்ணை ஒப்பிடவும். கப்ளர் பொருந்துகிறது என்பதற்காக வாங்கிவிட வேண்டாம். ஒரே கப்ளரில் பின்களின் வரிசை மாறியிருக்கும் யூனிட்டுகள் உண்டு. பாசிட்டிவும் எர்த்தும் இடம் மாறினால் பியூஸோடு போனால் அதிர்ஷ்டம். டூப்ளிகேட்டுகளும் ஏராளம். கையில் எடுத்தால் ஒரிஜினலைவிட எடை குறைவாக, துடுப்புகள் மெல்லியதாக இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுத்துவிடவும்.

பொருத்தும் முறை

இக்னிஷனை ஆஃப் செய்து, பேட்டரியின் நெகடிவ் வயரை முதலில் கழற்றவும். மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டவும். பழைய யூனிட்டைக் கழற்றியதும், அது உட்கார்ந்திருந்த உலோகப் பரப்பைத் துணியால் துடைத்துச் சுத்தம் செய்யவும். இங்கே நம் கம்ப்யூட்டர் அனுபவம் கை கொடுக்கும். ப்ராசஸருக்குப் போடும் தெர்மல் பேஸ்ட்டை யூனிட்டின் தட்டையான அடிப்பாகத்தில் மெல்லிய படலமாகத் தடவிப் பொருத்தினால், வெப்பம் சட்டத்திற்கும் கடத்தப்படும். அடிப்பாகம் உலோகத்தில் முழுதாகப் படியும் இடத்தில்தான் இதனால் பயன். பிளாஸ்டிக் மேல் உட்காரும் யூனிட்டுக்கு வேண்டியதில்லை.

கப்ளர் பின்களைப் பார்க்கவும். பழுப்பேறியிருந்தால், கறுத்திருந்தால், பழைய கப்ளரிலேயே புது யூனிட்டை மாட்டக் கூடாது. கெட்ட பின் சூடாகி புதிய பின்னையும் கெடுத்துவிடும். புதிய பின்களை கிரிம்ப் செய்து போடவும். வயரைத் தோலுரித்து முறுக்கி டேப் சுற்றுவது இந்த இடத்தில் ஆகாது. 10, 15 ஆம்பியர் ஓடும் பாதை இது. எங்கள் பைக்கில் ஒரு பின் லேசாக நிறம் மாறியிருந்தது. அதை மட்டும் மாற்றினோம்.

மொத்த வேலை முக்கால் மணி நேரம். ஆர்.சி. கவர் முன்பக்கம் டேங்க் பைக்கு இடம் மாறியது. செலவு, இரண்டு பேட்டரிகளுக்குக் கொடுத்ததில் பாதிக்கும் குறைவு. மூன்றாவது பேட்டரி வாங்கவில்லை. இருந்ததையே ஒரு சிறிய சார்ஜரில் 1 ஆம்பியரில் இரவு முழுவதும் போட்டு வைத்தோம். மறுநாள் ஓய்வு நிலையில் 12.7 காட்டியது. மீண்டும் மூன்று நாள் லாக். தொடர்ந்து மூன்று மணி நேரம் ஓட்டியும் 14.0க்குக் கீழ் இறங்கவில்லை. பதினொரு மாதமாக அதே பேட்டரிதான் ஓடுகிறது. வோல்ட் மீட்டரைக் கழற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

இவற்றைச் செய்ய வேண்டாம்

எஞ்சின் ஓடும்போது பேட்டரி வயரைக் கழற்றி, வண்டி அணைகிறதா என்று பார்க்கும் பழக்கம் பழைய மெக்கானிக்குகளிடம் உண்டு. பழைய வண்டிகளுக்கு அது சரியாக இருந்திருக்கலாம். ஈ.சி.யு. உள்ள பைக்கில் கூடவே கூடாது. பேட்டரி ஒரு பெரிய கெபாசிட்டரைப் போல் வோல்டேஜ் குதிப்புகளை விழுங்கிக் கொண்டிருக்கிறது. அதை எடுத்துவிட்டால் அந்தக் குதிப்புகள் நேராக ஈ.சி.யு.வுக்குப் போகும். ரெகுலேட்டர் விலையைப் போலப் பல மடங்கு ஈ.சி.யு.வின் விலை.

பேட்டரிக்கு பதில் லித்தியம் பேட்டரி போட்டவர்கள், சூடான நிலையில் 14.6க்கு மேல் போகவில்லை என்று உறுதி செய்து கொள்ளவும். லெட் ஆசிட் பொறுத்துக் கொள்ளும் அத்துமீறலை லித்தியம் பொறுக்காது.

வாரன்டியில் உள்ள பைக் என்றால் நீங்களாகக் கப்ளரைக் கழற்ற வேண்டாம். வோல்ட் மீட்டர் மட்டும் மாட்டி லாக் எடுங்கள். சர்வீஸ் சென்டருக்குப் போகும்போது "செல்ஃப் எடுக்கவில்லை" என்று சொன்னால் பேட்டரியைத்தான் பார்ப்பார்கள். "45 நிமிடம் ஓட்டிய பின் 5,000 ஆர்.பி.எம்.மில் பேட்டரியில் 12.5 வோல்ட், குளிர்ந்த நிலையில் 14.2" என்று ஜாப் கார்டில் எழுதச் சொல்லி, அதன் நகலை வாங்கிக் கொள்ளவும்.